காற்றில் வரையும் ஓவியம் மனத்துக்கு எப்படி உதவுகிறது?

கோபத்தை வரைந்து காட்டுங்கள் என்று தாளை நீட்டினால் பலருக்குக் கை ஓடாது. 'எனக்கு வரைய வராதே' என்ற கூச்சம் முந்திக்கொள்ளும். கண்களை மறைத்து முப்பரிமாணக் காட்சி காட்டும் மெய்நிகர் (VR) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கையை வீசினால், வீசிய தடத்திலேயே வண்ணப் பட்டை ஒன்று காற்றில் நின்றுவிடுகிறது. அந்த ஊடகம் அநேகமாக எல்லோருக்கும் புதிது என்பதால் கூச்சமும் குறைகிறது.

கோடு எப்படி நிற்கிறது? ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத் தலையின் இடத்தைக் கணக்கிடுகின்றன. கையில் பிடிக்கும் இயக்கியான கன்ட்ரோலரின் இடத்தையும் சாய்வையும் கருவி இடைவிடாமல் பின்தொடர்கிறது. விசையை அழுத்தியிருக்கும் வரை கை கடந்த புள்ளிகளெல்லாம் ஒரு பட்டையாகக் கோக்கப்படும். தலை திரும்பியதும் சுமார் 20 மில்லிநொடிக்குள் காட்சி மாறியாக வேண்டும். தாமதித்தால் கோடு மிதக்கும், தலை சுற்றும். கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் எளிய கண்ணாடிகள் இதற்கு உதவா. தலை திரும்புவதை மட்டுமே அவை அறியும். நாம் ஓர் அடி நகர்ந்தது அவற்றுக்குத் தெரியாது.

அந்த ஓர் அடியில்தான் விஷயமே இருக்கிறது. வரைந்த கோபத்தைச் சுற்றி நடக்கலாம், அதற்குள் நுழையலாம், விலகி நிற்கலாம். ஆளுயரம் நின்றதை இரு கைகளாலும் பற்றி உள்ளங்கை அளவுக்குச் சுருக்கலாம். உணர்ச்சிக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்பதை நம் உடலே முடிவு செய்கிறது. கலைஞர் ஷார் டேவிஸ் (Char Davies) 1995இல் உருவாக்கிய 'ஆஸ்மோஸ்' என்ற மெய்நிகர் படைப்பு இதை மூச்சால் செய்தது: மூச்சை இழுத்தால் மேலே எழலாம், விட்டால் கீழே இறங்கலாம்.

பலனைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் கலையில் ஈடுபட்டார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. ஆனால் அவர்கள் கையாண்டது தாள், களிமண், ஒட்டுப்படம். ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. மெய்நிகர் தூரிகையில் களிமண்ணின் எதிரழுத்தம் கிடையாது. பிசைந்து ஆறுதல் தேடுபவருக்குக் களிமண்ணே மேல்.

செய்து பார்க்க 'ஓப்பன் பிரஷ்' என்ற மெய்நிகர் ஓவியச் செயலி போதும், இலவசம்தான். கூகுள் 2021 ஜனவரியில் பொதுவில் திறந்துவிட்ட 'டில்ட் பிரஷ்' நிரலிலிருந்து வளர்ந்தது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். லென்ஸ்களின் இடைவெளியைக் கருவிழிகளுக்கு ஏற்ப நகர்த்துங்கள் (பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர்). பொருந்தாவிட்டால் மங்கலும் தலைவலியும் வரும். முதல் 5 நிமிடம் வெறும் கிறுக்கல், பிறகு 10 முதல் 15 நிமிடம் ஓவியம். கழற்றியதும் வரைந்தவரோடு இன்னொரு 10 நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். 'ஏன் இப்படி வரைந்தீர்கள்' என்று கேட்டால் பேச்சு அடைத்துக்கொள்ளும். 'இதில் எந்த இடம் கனமாக இருக்கிறது' என்று கேளுங்கள்.

குமட்டல்தான் அடிக்கடி வரும் சிக்கல். கண் நகர்வதாகச் சொல்லும், உட்செவி இல்லை என்னும். சொந்தக் காலில் நடக்கும்போது இந்த முரண் எழாது. காட்சியைச் சுழற்றும்போதும் சுருக்கும்போதும் எழும். அந்த நொடிகளில் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. வியர்த்தாலோ வாயில் நீர் ஊறினாலோ உடனே கழற்றுங்கள், பொறுத்துக்கொண்டால் கூடும். மூக்கருகே வரைய வேண்டாம். திரையின் குவியத் தொலைவு மாறாதது. பார்வை மட்டும் அருகே குவிந்தால் கண் வலிக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

இன்னொன்று, கண் மறைந்திருப்பதால் அழுகை வெளியே தெரியாது. உதவுபவர் காட்சியைத் தனித் திரையில் பார்க்கட்டும். தொடும் முன் குரல் கொடுக்கட்டும். நிறுத்துவதற்கு ஒரு சைகையை முன்பே பேசிவைக்கட்டும். கொடிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருக்க வேண்டும். ஓவியத்தைச் சேமிப்பதா அழிப்பதா என்பது வரைந்தவர் முடிவு. அழிக்கும் பொத்தானையும் அவர் கையே அழுத்தட்டும்.