மீன் தொட்டிக்குள் 'டக்' என்பது யார்?

கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லைவ் ராக் போட்டதிலிருந்து இரவில் 'டக்' 'டக்' என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதா?"

தொட்டியில் நீர் கசியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். லைவ் ராக் என்பது சிற்றுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு; அதன் பொந்துக்குள் ஒளிந்து வந்த விருந்தாளியின் வேலையாகத்தான் இருக்கும். (மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பவளம் என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.) இப்படிச் சத்தம் எழுப்பக்கூடியவை முக்கியமாக இரண்டு: பிஸ்டல் இறால், மான்டிஸ் இறால்.

பிஸ்டல் இறாலின் கொடுக்குகளில் ஒன்று மட்டும் பூதாகரமாக இருக்கும். அதன் அசையும் விரலில் ஒரு முனைப்பு. எதிர் விரலில் அது பொருந்தும் குழி. விரித்த கொடுக்கைச் சட்டென்று மூடும்போது முனைப்பு குழிக்குள் பாய, உள்ளே இருந்த நீர் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் பீறிடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர்! பாயும் நீரின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பள்ளியில் படித்த பெர்னூலி தத்துவம். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவென்பதால் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது அல்லவா? கொடுக்கின் முன்னால் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு சரிவதால், சூடேற்றாமலேயே நீர் ஆவியாகி ஒரு குமிழி பிறக்கிறது. அடுத்த கணமே சுற்றியுள்ள நீர் நாலாபுறமும் நெருக்க, குமிழி நசுங்கிப் போகிறது. அந்த நசுங்கலின் ஓசைதான் 'டக்'.

கொடுக்கின் இரு விரல்களும் மோதுவதால்தான் சத்தம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2000-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் விநாடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் கேமராவையும் நீரொலி வாங்கியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கொடுக்கு மூடும்போது பெரிதாக ஓசையில்லை. குமிழி நசுங்கும்போதுதான் வெடித்தது. மறுவருடம் இன்னொரு அற்புதம்: அந்த நொடியில் ஒளியும் தெறிக்கிறது! நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான, மிகக் குறுகிய மின்னல். குமிழிக்குள் வெப்பம் குறைந்தது 5,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பே ஏறக்குறைய 5,800 தான்.

இறால் கொடுக்கை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல்களின் உந்துவிசிறியை அரித்துத் தின்பதும் இதே போன்ற குமிழிகள்தான். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய கடற்படையினரின் காதை அடைத்ததும் இந்த இறால் கூட்டங்களின் சத்தம்தான். ஆர்வத்தால் மட்டுமே நடக்கும் ஆராய்ச்சிக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் தொட்டியில் இருப்பது எது? சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மான்டிஸ் இறால் முன்கையால் ஓங்கி அடிக்கும்போதும் இதே போல் குமிழி வெடிக்கும். விளக்கணைத்துச் சற்று நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள். காம்புகளின் மேல் தனித்தனியே சுழலும் கண்களும், மடித்து வைத்த முன்கைகளும் தெரிந்தால் அது மான்டிஸ். நத்தைகள் ஓடு உடைந்து கிடப்பதும், நண்டுகளும் சிறு மீன்களும் காணாமல் போவதும் அதற்குச் சாட்சி. பொறி வைத்துப் பிடித்துத் தனித் தொட்டியில் விடுங்கள், கொல்ல வேண்டாம்.

ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருந்தால் பிஸ்டல் இறால். பெரும்பாலான மீன்களுக்கு அதனால் தொல்லையில்லை. சில வகைகள் கோபி மீனோடு ஒரே வளையில் குடியிருக்கும்: பார்வை மங்கிய இறால் மண்ணை வாரிக் கொட்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். அப்படி இணையும் வகைதானா என்று விசாரித்துவிட்டு, ஒரு கோபி வாங்கி விட்டுப் பாருங்கள்.