நிமிர்ந்த முதுகு, ஏறிய தோள்

கழுத்துக்குக் கீழே நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறதல்லவா? அதன் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு தோளை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குமிழ் போன்ற ஓர் எலும்பு முனை விரலுக்கடியில் நகரும். காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் மூட்டு அது. தோள்பட்டை எலும்பு, புஜம், முழங்கை, விரல்கள் என்று அந்தப் பக்கக் கை முழுவதும் உடலின் நடு எலும்புக்கூட்டோடு மூட்டுப் போட்டுச் சேர்ந்திருப்பது அந்த ஒரே இடத்தில்தான். முதுகெலும்புக்கும் தோளுக்கும் நேரடி எலும்புத் தொடர்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் தசைகளின் பிடியில் மிதக்கிறது.

முதுகெலும்பு வளைவுக்கு அறுவை சிகிச்சை செய்பவர்களுக்கு இது ஒரு தீராத தலைவலி. திருகுகளும் தண்டும் போட்டு முதுகெலும்பை நிமிர்த்திவிடலாம். அதைப் பார்த்துத் தோளும் சமமாகிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு, அறுவைக்கு முன் சமமாக இருந்த தோள்களில் ஒன்று, முதுகு நிமிர்ந்த பிறகு ஏறி நிற்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் திருப்திப்படுவார். கண்ணாடியைப் பார்க்கும் பிள்ளைக்கோ மனம் ஒப்பாது. இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கியும் கொள்வது. 10 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டும் வகைக்கு ‘இடியோபதிக்’ என்று அடைமொழி. காரணம் பிடிபடவில்லை என்பதைக் கிரேக்கத்தில் கௌரவமாகச் சொல்வது அது. (புத்தகப் பையின் கனத்தால் இது வருவதில்லை. கூனி உட்கார்ந்ததாலும் இல்லை. குற்ற உணர்ச்சியில் தவிக்கும் பெற்றோருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.) வளைவை அளக்க, அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948ல் விவரித்த முறைதான் இன்றும் நடைமுறை. முதுகெலும்பு கணுக்கணுவாக அடுக்கிய சிறு எலும்புகளால் ஆனது. வளைவின் மேல் எல்லையில் அதிகம் சாய்ந்த கணுவுக்கும் கீழ் எல்லையில் அதிகம் சாய்ந்த கணுவுக்கும் இடையிலுள்ள கோணமே காப் கோணம். 10 பாகையைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். பதின்வயதினரில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இருக்கும். பெரும்பாலோரைக் கவனித்துவந்தாலே போதும். வளரும் வயதில் 25 பாகையைத் தாண்டினால் பிரேஸ் (உடலைச் சுற்றி அணியும் கவசம்) போடுவார்கள். 45, 50 பாகை என்று போகும்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். அந்த அளவு வளைவு பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கே மிக அதிகம்.

அறுவையில் நடப்பது இதுதான். வளைந்த பகுதியின் கணுக்களில் திருகுகளை இறக்கி, இரு பக்கமும் உலோகத் தண்டு கோத்து, வளைவை நிமிர்த்துகிறார்கள். பிறகு கணுக்களின் பின்பரப்பைச் சுரண்டி எலும்புத் துகள் இடுகிறார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அந்தக் கணுக்களெல்லாம் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். தண்டு அதுவரை தாங்கி நிற்கும் சாரம். ஒட்டிய பகுதி பிறகு எந்தப் பக்கமும் வளையாது. தோள் கதைக்கு இது முக்கியம்.

இனி தோள் ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். இந்த வயதில் வரும் பெரிய வளைவு பெரும்பாலும் நடுமுதுகில், வலப்பக்கம் புடைத்துக்கொண்டு இருக்கும். வலப்பக்கம் புடைத்த வளைவின் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் போனால் முதுகெலும்பு இடப்பக்கம் சாய்ந்தபடி ஏறும். அப்படியே விட்டால் கழுத்தடியும் இடப்பக்கம் சரிந்து, வலத் தோள்தான் உயரும். ஆனால் உடல் தலையை நடுவில் நிறுத்தவே பார்க்கும். அதற்காக மேல்முதுகில், டி1 முதல் டி5 வரையான கணுக்களை ஒட்டி (மார்புப் பகுதிக் கணுக்களைக் கழுத்துக்குக் கீழிருந்து டி1, டி2 என்று எண்ணுவார்கள்), எதிர்த்திசையில் இன்னொரு சின்ன வளைவு உருவாகிறது. இது இடப்பக்கம் புடைத்தது. இடத் தோளைத் தூக்குவது. ஆக, பெரிய வளைவு வலத் தோளை ஏற்றப் பார்க்கிறது, சின்ன வளைவு இடத் தோளை ஏற்றப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் தோள்மட்டம் இந்த இழுபறியின் முடிவு.

எளிமைக்காக ஒரு கணக்குப் போடலாம். நடுமுதுகு வளைவு 60 பாகை என்று வையுங்கள். அதில் பாதி மேல்பக்கச் சாய்வு, அதாவது 30 பாகை இடப்பக்கச் சரிவு. மேல்முதுகு வளைவு 30 பாகை. அது வந்த சரிவை அப்படியே திருப்பிவிடுகிறது. உச்சியிலுள்ள டி1 கணு சமமட்டமாக நிற்கும், தோள்களும் ஏறக்குறைய சமம். இப்போது அறுவையில் நடுமுதுகை 14 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், நல்ல வேலை. சரிவு 7 பாகையாகச் சுருங்கிவிட்டது. மேல் வளைவோ தொடப்படாமல், தானாகக் கொஞ்சம் தளர்ந்து 20 பாகையில் நிற்கிறது. இருபதில் ஏழு போக மீதி 13 பாகை. டி1 அந்த அளவுக்கு வலப்பக்கம் சரிந்து, இடத் தோள் மேலே போய்விடும். தராசின் ஒரு தட்டிலிருந்து கல்லை எடுத்தால் மற்றது கீழே போவதுபோலத்தான். நடுமுதுகை எவ்வளவு கச்சிதமாக நிமிர்த்துகிறோமோ, தோள் அவ்வளவு கோணலாகும் வாய்ப்பும் கூடுகிறது.

அதனால் இதை வெற்றி பெற்ற பிறகு முளைத்த சிக்கல் என்பேன். ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக 1950களில் உருவாக்கி 1962ல் வெளியிட்ட தண்டு, வளைவின் உட்பக்கத்தை ஜாக்கி போல விரித்துத் தள்ளியது. அது தந்த திருத்தம் அளவானதே. அதனால் மேல் வளைவோடு இருந்த சமரசம் ஓரளவு தப்பித்தது. 1980களில் பிரான்சின் கோட்ரலும் டுபூசேயும் தண்டையே சுழற்றி வளைவை மாற்றும் கருவியைக் கொண்டுவந்தார்கள். 1990களில் தென் கொரியாவின் சுக் சே-இல் போன்றவர்கள் மார்பு முதுகெலும்பிலும் பெடிக்கிள் திருகுகளை இறக்கிக் காட்டினார்கள். பெடிக்கிள் என்பது கணுவின் பின்பகுதியை முன்பகுதியோடு இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம். கணுவைப் பின்னிருந்து முன்னாக ஊடுருவிப் பிடிக்கும் இந்தத் திருகு வந்த பின், வளைவில் மூன்றில் இரண்டு பங்கை நீக்குவது வழக்கமாகிவிட்டது. ஏறிய இடத் தோளும் கூடவே பேசுபொருளானது.

மருத்துவர்கள் இதை முன்கூட்டிக் கணிக்கப் பார்க்கிறார்கள். 2001ல் வெளியான லெங்கே வகைப்பாடு வளைவுகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. பிள்ளையைப் பக்கவாட்டில் வளையச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கும்போது மேல்முதுகு வளைவு 25 பாகைக்குக் குறையாமல் விறைத்து நின்றால், அது ஒப்புக்கு வந்த துணை வளைவு அல்ல. தனக்கென்று சொந்த விறைப்புள்ள வளைவு. அப்போது அதையும் சேர்த்து ஒட்டியாக வேண்டும். வளைந்துகொடுக்கும் வளைவென்றால் விட்டுவிடலாம், தானே தளரும் என்பது நம்பிக்கை.

ஒட்டும் பகுதியை மேலே எந்தக் கணுவில் நிறுத்துவது என்பதற்கு ஒரு வாய்பாடும் புழக்கத்தில் உண்டு. அறுவைக்கு முன்பே இடத் தோள் ஏறியிருந்தால் டி2 வரை போ, சமமென்றால் டி3, வலத் தோள் ஏறியிருந்தால் டி4 அல்லது டி5 போதும். வாய்பாட்டுக்குப் பின்னாலிருக்கும் எண்ணம் எளிது. இடத் தோள் முன்பே ஏறியிருந்தால் இழுபறியில் மேல் வளைவு இப்போதே ஜெயித்துக்கொண்டிருக்கிறது; எதிராளியை நீக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. வலத் தோள் ஏறியிருந்தால் கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது.

எல்லாருக்கும் டி2 வரை போய்விட்டால் என்ன? கேட்கத் தோன்றும். ஒவ்வொரு கணுவும் கூடுதல் தசையைப் பிரிப்பது, கூடுதல் இரத்த இழப்பு, கழுத்தை நோக்கி நீளும் தழும்பு. மேல்முதுகில் வளைவின் உட்பக்கத்துப் பெடிக்கிள்கள் மிக ஒடுங்கியவை, பக்கத்திலேயே தண்டுவடம். தவிர, டி2 வரை ஒட்டியும் தோள் கோணலான பிள்ளைகள் உண்டு. அந்த நிலையில் மேல் வளைவு தானாகத் தளர்ந்து ஈடுகட்டும் வழியும் அடைபட்டுப் போயிருக்கும். அதனால் பலரும் இன்னொரு வழியை நாடுகிறார்கள். மேல் வளைவு எவ்வளவு இறங்கிவருமோ அதற்கேற்ப நடுமுதுகை நிமிர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது. முடியும் என்பதற்காக இன்னும் 10 பாகை எடுக்காமல் விடுவது. எனக்கு இது அறுவைக்கூடத்தில் தேவைப்படும் மிகக் கடினமான கட்டுப்பாடாகப் படுகிறது. கையில் திருகாணி இருக்கும்போது இன்னும் ஒரு சுற்று நிமிர்த்தலாமே என்ற ஆசை வரத்தானே செய்யும்.

அறுவைக்கூடத்தில் இன்னொரு சங்கடம். பிள்ளை குப்புறப் படுத்திருக்கும், கைகள் தலைப்பக்கம் மடக்கி வைக்கப்பட்டிருக்கும், மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்திருக்கும். நின்றுகொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, புவியீர்ப்பில் பார்க்க வேண்டிய தோள்மட்டத்தை அங்கே பார்க்கவே முடியாது. எக்ஸ்ரேயில் டி1 கணுவின் சாய்வைத்தான் பார்க்கலாம். அது துப்புக் கொடுக்கும், சாட்சி சொல்லாது. டி1 சாய்ந்தால் முதல் விலா எலும்பும் கழுத்தடித் தசைமேடும் சாய்வது உண்மை. ஆனால் தோளின் வெளிநுனி காறை எலும்பையும் தசைகளையும் நம்பியிருப்பது. இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கழுத்தடி சமமாகி, தோள்நுனி ஏறி நிற்பதும் உண்டு, தலைகீழாகவும் உண்டு.

வீடு திரும்பிய முதல் வாரங்களில் தோளைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஓர் ஆறுதல். அப்போது தெரியும் கோணல் பலருக்கும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குறைகிறது. தோள்பட்டையைப் பிடித்திருக்கும் தசைகள் புது நிலைக்குப் பழகுகின்றன. ஒட்டாமல் விட்ட இடுப்புப் பகுதி சற்றே சாய்ந்து, மேலுள்ள மொத்தத்தையும் திருப்பிக்கொடுக்கிறது. இந்த இரண்டாவது வழிக்கு ஒரு விலை இருக்கிறது. தோளைச் சமன்படுத்தும் முயற்சியில், ஒட்டிய பகுதிக்குக் கீழேயுள்ள கணுக்களும் பழைய வளைவோடு சேர்ந்துகொண்டு போகலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். தோள் சரியாகிவிட்டது என்று மகிழும் அதே நேரத்தில் கீழே வளைவு நீள்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு இந்தக் கவலை கூடுதல்.

எவ்வளவு கோணல் கோணல்? எக்ஸ்ரேயில் இரு தோள்களுக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் சமம் என்றே கணக்கு. வளைவே இல்லாதவர்களுக்கும் அந்த அளவு இருப்பது சகஜம். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் கோணல் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மனிதக் கண் அளவுகோலைக் கேட்டுப் பார்ப்பதில்லை. விலாப் புடைப்பு, தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்பது, இடுப்பு மடிப்பு எல்லாம் கலந்துதான் ‘கோணல்’ என்ற எண்ணம் பிறக்கிறது. 2 சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கவனிக்காதவர்களும் உண்டு, 1 சென்டிமீட்டரில் புகைப்படத்தைத் தவிர்ப்பவர்களும் உண்டு. பின்பக்கமிருந்து எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம், அறுவைக்கு முன்னும் பின்னும், எக்ஸ்ரே சொல்லாததைச் சொல்லும். சிகிச்சைக்கு முன் நடக்கும் பேச்சில் தோளைப் பற்றிய கேள்வியைப் பிள்ளையே கேட்பது நல்லது. பெற்றோர் பெரும்பாலும் பாகைக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஈராண்டுக்குப் பிறகும் கோணல் நிற்குமானால், தோளுக்காக மட்டும் மறுபடி அறுவை செய்வது அரிது. ஒட்டிப்போன எலும்பை வெட்டித் தளர்த்தி, ஒட்டும் பகுதியை இன்னும் மேலே நீட்ட வேண்டியிருக்கும்; தண்டுவடத்துக்கு ஏற்படக்கூடிய ஆபத்தை ஓர் அங்குலத் தோள் உயரத்துக்காக ஏற்கச் சொல்ல மருத்துவர்கள் தயங்குவார்கள். அதனால் பக்கவாட்டில் வளைத்து எடுத்த அந்த எக்ஸ்ரேக்களை முதல் அறுவைக்கு முந்தியே விளக்குத் திரையில் மாட்டிவைத்து, டி2வா டி4ஆ என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.