மனநிறைவுடன் குறை கேட்பது எப்படி?

"ஊழியர்களின் குறைகளை மனநிறைவுடன் கேளுங்கள்." கும்பகோணத்தில் மேலாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் இப்படி ஒரு வரி. இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று ஒருவர் முறையிட, எதிரே மேலாளர் விருந்து உண்டவர் முகத்தோடு உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். இந்த 'மனநிறைவு' இப்போது எல்லாப் பயிற்சித் தாள்களிலும் வருகிறது. யாருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

மூலச் சொல் மைண்ட்ஃபுல். ஆங்கிலத்தில் பழைய சொல்தான். மறவாமல் கருத்தில் வைத்திருப்பது என்று பொருள். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த ரைஸ் டேவிட்ஸ், 1881-இல் வெளியான தம் பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில், பாலி மொழியின் 'சதி'க்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று எழுதினார். சதி என்பது வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம்; வேர்ப்பொருள் நினைவு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஒரு மருத்துவமனையில், ஜான் கபாட்-சின் என்பவர் அதை மன அழுத்தம் தணிக்கும் பயிற்சியாக்கினார். பிறகு மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கு வந்தது. வாய் திறக்கும்முன் தன் எரிச்சலைத் தானே கவனிப்பது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்முன் பதிலைத் தயாரிக்காமல் இருப்பது, சொல்லும் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று பார்ப்பது ஆகியவைதான் அங்கே அதன் பொருள்.

இதில் மனநிறைவு எங்கிருந்து வந்தது? 'மைண்ட்' மனம், 'ஃபுல்' நிறைவு என்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இந்த வழியில் போனால் 'கேர்ஃபுல்' என்பதற்குக் 'கவலைநிறைவு' என்று எழுத வேண்டிவரும். மனநிறைவு, ஒரு காரியம் முடிந்தபின் வருவது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனுக்கு வரும். சம்பா அறுத்து மூட்டை வீடு வந்து சேர்ந்தவருக்கு வரும். மைண்ட்ஃபுல் என்பதோ காரியம் நடந்துகொண்டிருக்கும்போது வேண்டியது. நிறைவு வந்தபின் கவனம் தளர்வதுதான் மனித இயல்பு. ஆகவே இது பொருத்தமில்லாத சொல் மட்டுமல்ல, நேர் எதிர்ச்சொல்.

வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, 54-ஆம் அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. பொச்சாவாமை அது இல்லாதிருப்பது. சதியின் வேர்ப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. அதன் முதல் குறள், அளவு கடந்த கோபத்தைவிட மகிழ்ச்சியில் வரும் சோர்வு தீது என்கிறது. இன்னொரு குறள், மகிழ்ச்சியில் செருக்கு ஏறும்போது, முன்பு அதனால் கெட்டவர்களை நினைத்துக்கொள் என்கிறது. இந்த அதிகாரம் இருப்பது அரசியல் பகுதியில், சொன்னது ஆள்பவனுக்கு. நம் பயிற்சியாளர்கள் மேலாளரை எங்கே கொண்டுபோக விரும்புகிறார்களோ, அங்கே போகாதே என்கிறார் வள்ளுவர்.

இதற்காகப் 'பொச்சாவாமையுடன் உரையாடுங்கள்' என்று எழுதச் சொல்லவில்லை. உரை இல்லாமல் புரியாத சொல்லை அலுவலகச் சுற்றறிக்கையில் போடுவதும் ஒருவகை அலட்சியம்தான்.

வேறு இரண்டு போட்டிச் சொற்களும் உலவுகின்றன. கணினி மொழிபெயர்ப்பு கொடுக்கும் 'நினைவாற்றல்' வேர்ப்பொருளைத் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது. ஆனால் அதைப் படிக்கும் தமிழருக்கு வல்லாரைக் கீரையும் பரீட்சையும்தான் ஞாபகம் வரும். 'விழிப்புணர்வு' நல்ல சொல். அதை டெங்குப் பேரணிகளுக்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது.

வெளிநாட்டுச் சரக்கு, புதுச்சொல் படைத்துத்தான் தீர வேண்டும் என்பவர்கள் நாகப்பட்டினத்தை மறந்துவிடுகிறார்கள். ராஜராஜன் காலத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்ததும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகப் போனதும் இந்த மண்ணில்தான். சதியைப் பயின்ற பிக்குகள் நம் கடற்கரையில் நடமாடியிருக்கிறார்கள்.

வழக்கில் சொல் இல்லாமலும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில், பாய்லர் பார்ப்பவர் வந்து அழுத்தம் சரியாக ஏறவில்லை என்றார். இளம் மேற்பார்வையாளர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார். பக்கத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்த வயதான கணக்கர் பேனாவை மூடினார். "தம்பி, அவர் சொல்வதைக் கருத்தாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நிதானித்துப் பேசுங்கள்." செல்போன் சட்டைப் பைக்குள் போனது.

கருத்தாகக் கேட்பது, நிதானித்துப் பேசுவது: வேண்டியது இவ்வளவுதான். நிதானம் வடசொல் ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நம் வாயில் ஊறி நம் பொருளை ஏற்றுக்கொண்ட சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வீண். கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. முழு வாக்கியத்தைக் காட்டாமல் சொற்பட்டியலைக் கொடுத்து வேலை வாங்கினால் மனநிறைவுதான் வரும். அதே தாளின் மறுபக்கத்தில் 'ஆக்டிவ் லிசனிங்' என்பதைச் 'செயலில் கேட்டல்' ஆக்கியிருந்தார்கள். காதுகொடுத்துக் கேட்பது என்று நம் பாட்டிகள் எல்லோரும் சொன்னதுதான் அது.