பாதி விலையில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சு: முட்டைக்கு எந்த இனம்?

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையின் 50 சதவீத மானியத் திட்டத்தில், கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு 4 வார வயதான 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கிடைக்கும். ஒன்றியத்துக்கு 100 பேர். கணவனை இழந்தவர்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஏற்கெனவே விலையில்லா மாடு, ஆடு, கோழித் திட்டங்களில் பயன்பெற்றவர்களுக்குக் கிடைக்காது. பலர் தடுமாறும் இடம் பணம்தான்: 40 குஞ்சுக்கான 3,200 ரூபாயையும் முதலில் நாமே போட்டு வாங்க வேண்டும், அப்புறம்தான் 1,600 ரூபாய் மானியமாகத் திரும்பி வரும். அதனால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். ஆதார், ரேஷன் அட்டையோடு பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சரி, முட்டைக்கு வருவோம். நம்ம ஊர் நாட்டுக்கோழி ஒரு ஈடுக்கு 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், வருஷத்துக்கு மூன்று நாலு ஈடு, அவ்வளவுதான். அசில் என்கிற சண்டைக்கோழி இனம் இன்னும் குறைவாகத்தான் இடும், அதை வளர்ப்பது கறிக்கும் சேவலுக்கும். ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா வருஷத்துக்கு 100 முட்டைக்குக் கொஞ்சம் மேலே இடும், ஆனால் உடம்பு கனம் என்பதால் நாய், கீரி துரத்தினால் தப்பிக்கத் திணறும். அதே நிறுவனத்தின் கிராமப்பிரியா 160 முதல் 180 வரை இடும், பழுப்பு முட்டை, நாட்டு முட்டையைவிடப் பெரிது. முட்டை மட்டும் போதும் என்றால் நான் கிராமப்பிரியாவைத்தான் சொல்வேன்.

ஆனால் அது கலப்பினம். அதன் முட்டையைப் பொரிக்க வைத்தால் வரும் குஞ்சு தாய் மாதிரி இடாது, கிராமப்பிரியா அடையிலும் உட்காராது, ஆக ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியில்தான் வாங்க வேண்டும். நாட்டுக்கோழியோ தானே அடைகாத்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்ந்து, மந்தையைப் பெருக்கும். கைக்காசு இல்லாத ஒரு பெண்ணுக்கு அதுதான் பெரிய பலம், திட்டத்தில் நாட்டினம் கொடுப்பது சரியென்று நான் நினைப்பதும் அதனால்தான். வீட்டுக்குத் தினமும் முட்டை வேண்டுமென்றால் நாலைந்து கிராமப்பிரியாவைத் தனியாக வாங்கிக் கூடவே மேய விடுங்கள்.

எந்த இனமானாலும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் மொத்தக் கூடும் காலி. பிப்ரவரியில் துறை நடத்தும் இருவார முகாமில் தடுப்பூசி இலவசம், 8 வாரம் தாண்டிய கோழிகளைக் காலையில் திறந்துவிடும் முன் பிடித்து வைத்திருங்கள்.