பழைய துணியின் வாடை: நனைப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோட்டையோ யாரோ கொடுத்த ஸ்வெட்டரையோ எங்கள் சலவைக் கடைக்குக் கொண்டுவருபவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: "மூணு தடவை துவைச்சாச்சு, நாத்தம் போகவே இல்லை." பையைப் பிரித்தால் பூ வாசனை குப்பென்று அடிக்கும், அதற்கு அடியில் பழைய வாடை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மூன்று சலவையிலும் அவர்கள் சேர்த்தது அந்தப் பூ வாசனையைத்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

துணி நாறுகிறது என்றால் ஏதோ ஒரு பொருள் நூலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம், சிகரெட் புகையின் தாராக இருக்கலாம், பூஞ்சை, சிறுநீர், அந்துருண்டை, எதுவாகவும் இருக்கலாம். ஒன்று சோப்புக்குப் போகும், ஒன்று கறையை வெட்டிச் சிதைக்கும் என்சைமுக்குப் போகும், ஒன்று தண்ணீருக்கு மசியவே மசியாது. அதனால் எது என்று தெரியாமல் வாளியில் முக்காதீர்கள். கண்டுபிடிக்க மூக்கு போதும், ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிப்போகும், கொஞ்ச நேரத்திலேயே "ஒன்றும் இல்லையே" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். துணியை வெளியே எடுத்துப் போங்கள். அக்குள், காலர், பாக்கெட்டின் உள்பக்கம், லைனிங் என்று ஒவ்வோர் இடமாக வாயால் வெதுவெதுப்பாக ஊதிவிட்டு உடனே முகருங்கள். சூடும் ஈரமும் பட்டால் ஒளிந்திருக்கும் வாடை எழும்பி வரும். அலமாரியில் நல்ல பிள்ளையாக இருந்த சட்டை, போட்ட அரை மணி நேரத்தில் நாற ஆரம்பிப்பதும் இதனால்தான். பூஞ்சைப் புள்ளி கண்ணுக்கே தெரிகிறது என்றால் மட்டும் மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அந்துருண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் விஷயம் வாடையோடு நிற்பதில்லை. அது நாப்தலீனாக இருக்கும், இல்லாவிட்டால் பாரா டைக்ளோரோபென்சீனாக இருக்கும். இரண்டுமே உருகாமல் நேராக ஆவியாகித் துணிக்குள் புகுந்துகொள்கிறவை, தண்ணீரில் அநேகமாகக் கரையாதவை. அப்புறம் எத்தனை தடவை அலசி என்ன பயன்? இதற்கு மருந்து காற்றும் மிதமான சூடும்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்றோட்டமான இடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட வேண்டும், கனமான கம்பளிக்கு வாரக்கணக்கிலும் ஆகும். துவைப்பது அதற்குப் பிறகுதான். அதுவரை மற்றத் துணிகளோடு அலமாரியில் வைத்தால் அவையும் அந்த வாடையை ஏற்றிக்கொள்ளும்.

குழந்தைக்கு என்று வாங்கிய பழைய துணியோ போர்வையோ என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடம்பில் இயற்கையாக இருக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஏறிய துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கவும் கூடும். வாடை லேசாகத்தான் அடிக்கிறது என்றாலும் பச்சைக்குழந்தைக்கு அந்தத் துணி வேண்டாம்.

எங்களிடம் அதிகம் வருவது வியர்வை வீச்சம், அதிலும் பாலியெஸ்டர் சட்டைகள். பாலியெஸ்டர் தண்ணீரை விரட்டும், எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெயில்தான் கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது, அதில் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் நன்றாக வளர்ந்தன என்று கண்டார்கள். இந்தச் சட்டைக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றினால் நூலின்மேல் மெழுகுபோல ஒரு படலம் விழுந்து, பழைய பிசுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் அதை நிறுத்துங்கள். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கிறார்களே, சோடியம் பெர்கார்பனேட், அதை 40 டிகிரிக்கு மேல் உள்ள வெந்நீரில் கரைத்து, என்சைம் உள்ள சலவைத்தூளும் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவிட்டுத் துவையுங்கள். சாயம் போகுமா என்று உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

இதைப் பட்டிலும் கம்பளியிலும் செய்துவிடாதீர்கள். ஆரம்ப நாட்களில் பட்டு லைனிங் வைத்த ஒரு ஜாக்கெட்டை என்சைம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். வாடை போயிற்று. கூடவே லைனிங்கின் பளபளப்பும் போயிற்று, கொஞ்ச நாளில் தையல் ஓரமெல்லாம் நைந்து கிழிந்தது. பட்டும் கம்பளியும் புரதம், அந்த என்சைமின் வேலையே புரதத்தை வெட்டுவது. புதுத் துணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இவற்றுக்குக் காற்றாட விடுவதும், கம்பளிக்கென்றே உள்ள மிதமான சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

சிகரெட் வாடைக்கு முதலில் ஓரிரு நாள் காற்று. பிறகு ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு கப் வெள்ளை வினிகர் கலந்து ஊறவைக்கலாம். நிகோடின் காரத்தன்மை உடையது, அமிலம் பட்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். தார் எண்ணெய்ப்பசை, அதற்கு வினிகரால் ஆகாது, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரும் நல்ல சோப்பும் வேண்டும். கோட்டின் தோள்பட்டைக்குள் வைத்துத் தைத்த பஞ்சில் புகை ஏறியிருந்தால் பஞ்சையே பிரித்து மாற்றுவதுதான் வழி. பூஞ்சை வாடைக்கு, வெளியில் முகமூடி போட்டுக்கொண்டு தூரிகையால் தட்டி, துவைத்து, வெயிலில் முழுசாகக் காயவையுங்கள். கறுப்புப் புள்ளி போகாமல் இருக்கலாம். துணியை இழுத்தால் நூல் விட்டுப்போகிறது என்றால் தூக்கிப் போடுங்கள்.

சிறுநீர் வாடை, முக்கியமாகப் பூனையுடையது, போனதுபோல் போய்த் திரும்பி வரும். யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் லேசில் கரையாது, காற்றில் ஈரம் ஏறும் நாளில் மறுபடி தலைகாட்டும். இதற்கென்றே வரும் என்சைம் திரவத்தைச் சும்மா தெளித்துவிட்டுப் போகாமல், கறை எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் நனைத்துச் சில மணி நேரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். குளோரின் ப்ளீச்சை மட்டும் இதில் ஊற்றவே ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு வரும். ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயுவே வரும். கதவு மூடிய குளியலறையில் இதைச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து ஆகா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்றையொன்று முறித்துவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பெட்ரோல், டீசல் வாடை அடிக்கும் துணியை, துவைத்த பிறகு வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், டிரையரில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். ஓசோன் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்பேன். அது நுரையீரலுக்கும் கெடுதல், எலாஸ்டிக்கையும் நொறுங்க வைக்கும்.

சோஃபா குஷன், மெத்தை போன்றவற்றில் ஸ்பாஞ்ச் வரை சிறுநீரோ பூஞ்சையோ இறங்கியிருந்தால் நான் வேலையை ஏற்பதில்லை. மேல் துணியைத் துவைத்துக் கொடுத்துவிடலாம், காசும் வாங்கிவிடலாம், ஆனால் யாராவது உட்கார்ந்ததும் உள்ளே இருப்பது மேலே வந்துவிடும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க, துணி முழுசாகக் காய்ந்த பிறகு சுத்தமான பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் பையைத் திறந்ததும் நீங்கள் முகராமல், இந்த வேலையில் கலந்துகொள்ளாத யாரையாவது முகரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள், சூடு பட்டால் மிச்சமிருக்கும் கறை நூலோடு இறுகிவிடும். மறுபடி ஒருமுறை ஊறப்போடுங்கள்.