எழுந்து நின்றுவிட்டார் என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை

வர்மப் புள்ளிகளைத் தாக்கும் பயிற்சியின்போது கழுத்தின் இடப்பக்கத்தில் உள்ளங்கை விளிம்பால் ஓர் அடி விழுந்து, சில விநாடிகள் மயங்கி, பின்னர் எழுந்து சிரித்தபடியே வரிசையில் போய் நின்றுகொண்ட மாணவர் ஒருவர், 3ஆம் நாள் காலையில் வலக்கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமலும் பேச்சுக் குழறியும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். இடது இமை சற்றே தொங்கியிருந்தது. அந்தக் கண்ணின் பாவையும் மற்றதைவிடச் சுருங்கியிருந்தது. இப்படி வந்தவர்களில் இவர் முதலாமவர் அல்லர் என்பதால், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி கிழிந்திருக்கும் என்று நாங்கள் ஐயுற்றோம். அதுவே உறுதியாயிற்று.

உடன் வந்த பயிற்சியாளர், "அன்றைக்கே தட்டி எழுப்பிவிட்டேனே டாக்டர், பிறகு எப்படி அந்த அடியால் வந்திருக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

மயக்கம் வேறு, கிழிசல் வேறு. தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அடி விழும்போது அழுத்தம் ஏறிவிட்டதென்று உடல் தவறாக உணர்ந்து இதயத் துடிப்பைக் குறைக்கிறது, ஆள் சரிகிறார். தரையில் கிடக்கும்போது மூளைக்கு இரத்தம் திரும்புவதால் அவர் தாமாகவே தெளிகிறார். அடியின் விளைவை நீக்கும் என்று நம்பி மாற்றுப் புள்ளியில் நீங்கள் தட்டியதால் அன்று. அதே அடியில் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், அங்கே உறையும் இரத்தத்தின் ஒரு துணுக்கு மூளைக்குச் சென்று அடைப்பதற்குச் சில மணி நேரமோ, நாட்களோ, வாரங்களோகூட ஆகலாம். எழுந்து நடந்தது மயக்கம் தெளிந்ததற்கு மட்டுமே சான்று. தமனி நலமாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பக்கப் பகுதியில், விழும் அடியும் இப்படித்தான் ஏமாற்றும்: மண்டையோட்டின் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்க, சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென நினைவிழக்கிறார். நெஞ்சில், துடிப்பின் குறிப்பிட்ட நொடித்துளியில் விழும் அடி, நோயே இல்லாத இதயத்தையும் நிறுத்தக்கூடும்.

கழுத்து, தொண்டை, நெற்றிப்பொட்டு, நெஞ்சு ஆகிய இடங்களில் அடித்துக் காட்டாதீர்கள். விரலால் சுட்டிக் காட்டுவதே பாடத்துக்குப் போதும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாமல் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்சை அழைக்கச் சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துங்கள். மயங்கியவருக்கு அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடி விழுந்ததற்கு அடுத்த சில வாரங்களில் கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியோ, வழக்கத்தில் இல்லாத தலைவலியோ, இமைத் தொங்கலோ, கை கால் பலவீனமோ தோன்றினால் உடனே வாருங்கள். எந்தப் பக்கம், எப்போது அடி விழுந்தது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஆசானுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று அஞ்சி, வழுக்கி விழுந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் ஊசி போடுவதற்குப் பொதுவாக எங்களுக்குக் கிடைப்பது, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான்.