“கிஃப்ட்னு போட்டுடு தம்பி” என்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் வெளிநாட்டு பார்சல் புக்கிங் எடுக்கிறேன். லண்டனில் இருக்கும் மகளின் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு பெரியவர் இரண்டு பட்டுப்புடவையும் பித்தளைக் குத்துவிளக்கும் அனுப்பினார். கடையில் கொடுத்தது 38,000 ரூபாய். இன்வாய்ஸில் போடச் சொன்னது 3,000. பார்சல் வழியில் தொலைந்துவிட்டது. இப்போது கடை பில்லோடு வந்து 38,000 கேட்கிறார். அந்த பில்லை க்ளெய்முக்கு அனுப்பினால், சுங்கத்திடம் பொய்க் கணக்கு காட்டினோம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. 3,000-க்கு மேல் ஒரு ரூபாய் வராது.

இப்படி ஒருவராவது வராத மாதமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிஃப்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் சுங்க அதிகாரி பார்சலை வரி போடாமல் விட்டுவிடுவார் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பரிசுக்கும் விலை உண்டு, விலைக்கு வரம்பு உண்டு. பிரிட்டனில் 39 பவுண்டு வரைதான் பரிசுக்கு வாட் (மதிப்புக்கூட்டு வரி) கிடையாது. அதற்கு மேல் வாட், 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க வரியும் சேரும். வாட் போடும்போது கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். கனடாவில் பரிசு வரம்பு 60 கனடா டாலர். அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் போன காலம் 2025 ஆகஸ்ட் 29-ஓடு முடிந்தது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வருவதற்கும் சலுகை இல்லை. பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர. கிஃப்ட் என்று எழுதிவிட்டு, உள்ளே கடை ஸ்டிக்கரில் விலையை அப்படியே விட்டு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது? அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அவரே விலை போடுவார்.

தபாலில் சிஎன் 22, சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவம், கூரியரில் இன்வாய்ஸ். எதுவானாலும் நீங்கள் எழுதும் விலை ஒன்றுதான். சுங்கமும் இன்ஷூரன்ஸும் அதையேதான் பார்க்கும்.

“டிராக்கிங் நம்பர் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்ஷூரன்ஸ்?” என்பது அடுத்த கேள்வி. பார்சல் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும், பணம் தராது. விமானத்தில் போகும் சரக்கு தொலைந்தால், தனியாக மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாதவரை, மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி எடைக்குத்தான் இழப்பீட்டு வரம்பு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. முக்கால் கிலோ பட்டுப்புடவைக்கு என்ன தேறும் என்று நீங்களே பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் போட்டாலும் சுங்கம் பிடித்து வைத்ததற்குப் பொதுவாக எந்த பாலிசியும் தராது. கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துப் போட்டாலும் கசகசாதான். சீசனில் கிளிமூக்கு மாம்பழப் பெட்டியோடும் வராதீர்கள். அமெரிக்காவுக்கு நம் மாம்பழம் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தாவர நலச் சான்றிதழும் முடித்துத்தான் போகிறது. அதை நம் கவுண்டரில் செய்ய முடியாது.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடையில் கொடுத்த விலையை எழுதுங்கள், பில் நகல் வையுங்கள். ‘துணி’ என்று மொட்டையாக எழுதாமல் ‘பெண்கள் பட்டுப்புடவை, 2’ என்று எழுதுங்கள். பெட்டியை மூடும் முன் போட்டோ எடுங்கள். வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் கேட்பார்கள் என்று பார்சலைப் பெறப்போகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து இதை மறக்காதீர்கள். அவர் கட்ட மறுத்தால் திரும்பி வரும் செலவு உங்கள் தலையில்தான் விழும். உடைந்து போய்ச் சேர்ந்தால் அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது, க்ளெய்முக்கு அதைக் கேட்பார்கள்.

அப்புறம், வீட்டிலேயே டேப் சுற்றி ஒட்டிக்கொண்டு வராதீர்கள். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் நான் புக்கிங் போட மாட்டேன்.